கரைபொருள் அதிகமான செல்லிலிருந்து தண்ணீர் வெளியே போகுமா?

கேள்வி, ஜூன் 2

பாடத்தில் ஒரு கணக்கு. அ, ஆ என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தாவர செல்கள். அ செல்லின் கரைபொருள் திறன் −1.0 மெகாபாஸ்கல், அழுத்தத் திறன் 0.7. ஆ செல்லுக்கு −0.8, 0.2. தண்ணீர் எதிலிருந்து எதற்குப் போகும்? அ-வில்தான் கரைபொருள் அதிகம், அதனால் ஆ-விலிருந்து அ-வுக்குப் போகும் என்று எழுதினேன். சிவப்பு மையில் அடித்துவிட்டார்கள். சவ்வூடு பரவல் என்றாலே கரைபொருள் அதிகமான பக்கம்தானே தண்ணீர் போக வேண்டும்? என் விடை தவறா, கேள்வி தவறா?

ஜூன் 2, இரவு 9.40

விடைதான் தவறு. கூட்டிப் பாருங்கள். அ: −1.0 + 0.7 = −0.3. ஆ: −0.8 + 0.2 = −0.6. இப்படிக் கூட்டி வருவதுதான் நீரியல் திறன். அது அ-வில் அதிகம், ஆ-வில் குறைவு. அ-விலிருந்து ஆ-வுக்குப் போகும். முடிந்தது.

ஜூன் 2, இரவு 11.05

முடிந்தது என்று எழுதிவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. கூட்டச் சொன்னேனே தவிர ஏன் கூட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் அடுத்த தேர்விலும் இதே சிவப்பு மைதான்.

கோணிப்பைக்குள் பலூனை வைத்து ஊதுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பலூன் பிளாஸ்மா சவ்வு, கோணி செல் சுவர். உள்ளே சர்க்கரை, பொட்டாசியம், கரிம அமிலங்கள் என்று ஏதேதோ கரைந்து கிடக்கின்றன, அதனால் தண்ணீர் உள்ளே வருகிறது. வர வரப் பலூன் பருத்துக் கோணியை முட்டுகிறது. கோணி அதற்கு மேல் விரியாது, திருப்பி நெட்டுகிறது. அந்த நெட்டுதான் விறைப்பழுத்தம், உங்கள் கணக்கில் இருக்கும் 0.7. அ செல் ஏற்கெனவே நிறையக் குடித்துவிட்டு முட்டிக்கொண்டு நிற்கிறது. ஆ செல்லில் கரைபொருள் கொஞ்சம் குறைவுதான், ஆனால் அதன் சுவர் இன்னும் இறுகவில்லை, இடம் இருக்கிறது. நெருக்கடியான வீட்டிலிருந்து காலியான வீட்டுக்குப் போகிற மாதிரி தண்ணீர் போகிறது.

ஆக, கரைபொருள் ஒரு பக்கம் இழுக்கிறது, சுவர் மறுபக்கம் தள்ளுகிறது, இரண்டின் கூட்டல்தான் தீர்ப்பு. நீங்கள் ஒரு சாட்சியை மட்டும் விசாரித்துத் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்.

0.7 மெகாபாஸ்கல் சின்ன எண் மாதிரி தெரியும். கார் டயரில் இருப்பது சுமார் 0.2. ஒரு கீரை இலையின் செல்லுக்குள் கார் டயரைப் போல மூன்று நான்கு மடங்கு அழுத்தம் இருக்கக்கூடும்.

ஜூன் 3

மைனஸ் எண்ணில் பெரியது எது சின்னது எது என்று குழம்புவதாகக் கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்கும் இதே கோளாறு வெகுநாள் இருந்தது. −0.6 பெரிய எண் மாதிரி கண்ணுக்குப் படும், கை தானாக அம்புக்குறியைத் தலைகீழாகப் போட்டுவிடும்.

கிணற்றை நினைத்துக்கொண்ட பிறகுதான் தெளிந்தது. தரைமட்டம் பூச்சியம். சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் இருக்கும் தூய நீருக்குப் பூச்சியம் என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள், அது நாமாக வைத்த தரை. உப்போ சர்க்கரையோ போட்டால் தரைக்குக் கீழே போகிறோம். 3 அடி ஆழத்தை விட 6 அடி ஆழம் கீழே. தண்ணீர் மேலிருந்து கீழே போகும். இதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

ஜூன் 3, மாலை

இன்னொரு குழப்பம், இது தமிழால் வருவது. மின்னழுத்தம் என்கிறோம், கம்பிக்குள் யாரும் எதையும் அழுத்தவில்லை. அங்கே ‘அழுத்தம்’ என்பது திறன் என்ற பொருளில் வருகிறது. டயரில் காற்றழுத்தம் என்னும்போது அது மெய்யாகவே அழுத்தம். இரண்டுக்கும் ஒரே சொல். ஒருவர் நீரழுத்தம் என்று எழுதினால் நீரின் திறனைச் சொல்கிறாரா, தண்ணீர் சுவரை அழுத்துவதைச் சொல்கிறாரா என்று பக்கம் புரட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே நான் மொத்தத்துக்கு நீரியல் திறன், சுவர் தள்ளுவதற்கு அழுத்தத் திறன் என்றே எழுதுகிறேன். அழகில்லைதான், குழப்பமும் இல்லை.

ஜூன் 5

நேற்று ஒருவர் ‘ஏன் இத்தனை சுற்று, தண்ணீர் அதிகம் உள்ள இடத்திலிருந்து குறைவாக உள்ள இடத்துக்குப் போகிறது என்று சொன்னால் போதாதா’ என்று எழுதியிருந்தார். அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. நான் சில வருடம் பள்ளியில் உயிரியல் நடத்தியவன், நான்கு வருடம் கரும்பலகையில் இதையேதான் எழுதினேன். உப்புக் கரைசலில் உப்பு இடத்தை அடைத்துக்கொள்கிறது, அதனால் தண்ணீர் குறைவு, ஆகவே தூய நீர் அங்கே பரவுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் கேட்டான்: “சார், உப்பு போட்டா தண்ணி எவ்வளவு குறையும்?” நிறையக் குறையும் என்று சொல்லி வாயை அடைத்தேன். வீட்டுக்குப் போன பிறகு அந்தக் கேள்வி உறுத்தியது. மறுநாள் ஆய்வுக்கூடத்தில் ஒரு லிட்டர் குடுவையில் 5.85 கிராம் உப்பு, இன்னொன்றில் 34.2 கிராம் சர்க்கரை. இரண்டும் 0.1 மோலார். ஒரு லிட்டர் கோடு வரை நிரப்பி, எடை பார்த்து, கரைபொருளின் எடையைக் கழித்தேன். சர்க்கரை தள்ளி வைத்த தண்ணீர் சுமார் 21 மில்லிலிட்டர். உப்பு தள்ளி வைத்தது 2 மில்லிலிட்டர் கூட இல்லை, எங்கள் தராசு அதைக் காட்டத் திணறியது.

இப்போது கரைபொருள் திறனைப் பாருங்கள். 20 டிகிரியில் 0.1 மோலார் சர்க்கரைக்கு ஏறத்தாழ −0.24. உப்பு கரைந்ததும் சோடியம், குளோரைடு என்று இரண்டாகப் பிரிவதால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதாவது தண்ணீரின் அளவைச் சர்க்கரை குறைத்ததில் பத்தில் ஒரு பங்கு கூடக் குறைக்காத உப்பு, சர்க்கரையை விட இரண்டு மடங்கு இழுக்கிறது. ‘தண்ணீர் குறைவான இடம்’ என்ற விளக்கம் அங்கேயே செத்துவிட்டது. மக்னீசியம் சல்பேட் இன்னும் குறும்புக்காரன். நீர்த்த கரைசலில் அதன் அயனிகள் சுற்றியிருக்கும் நீர் மூலக்கூறுகளை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால், ஒரு லிட்டரில் இருக்கும் தண்ணீர் தூய நீரை விடத் துளியளவு கூடத்தான் ஆகிறது. அந்தக் கரைசலும் சவ்வு வழியே தண்ணீரை இழுக்கத்தான் செய்கிறது.

அந்தப் பையனிடம் மறுவாரம் போய்ச் சொன்னேன். “அப்ப போன வருஷம் படிச்சவங்க, சார்?” என்றான்.

ஜூன் 6

எதிர்பார்த்த ஆட்சேபம் வந்துவிட்டது: எத்தனை மில்லிலிட்டர் என்று பார்க்காமல், மொத்தத் துகள்களில் தண்ணீரின் பங்கு எத்தனை என்று பார்த்தால் கணக்கு சரியாக வருமே? வரும். துகள் எண்ணிக்கையில் தண்ணீரின் பங்கு குறைவதுதான் விஷயம், நீர்த்த கரைசலில் எந்தத் துகள் என்பதை விட எத்தனை துகள் என்பதே பேசும். 1901-ல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசை வான்ட் ஹாஃப் வாங்கியதில் இந்தச் சவ்வூடு அழுத்தக் கணக்குக்குப் பங்கு உண்டு. வாயுவுக்கு எழுதுகிற அதே வடிவத்தில் கரைசலுக்கும் சமன்பாடு எழுதினார். நான் மறுத்தது ‘செறிவு’ என்று சொல்லி இடத்தை அடைக்கும் கதையை மட்டும்.

இன்னொன்றும் உண்டு. ‘பரவல்’ என்ற பெயரால், தண்ணீர் சவ்வில் ஒவ்வொரு மூலக்கூறாகக் கசிந்து போவதாக ஒரு படம் மனதில் பதிந்துவிடுகிறது. கொழுப்புப் படலம் வழியே கொஞ்சம் அப்படிப் போகிறதுதான். ஆனால் பல செல்களில் பெரும்பகுதி அக்வாபோரின் என்ற புரதக் குழாய்கள் வழியே ஓடுகிறது. ஒரு குழாயில் நொடிக்குச் சுமார் 300 கோடி மூலக்கூறுகள், அதுவும் ஒற்றை வரிசையில். பீட்டர் ஏகர் குழுவினர் 1992-ல் இந்தப் புரதத்தைத் தவளையின் முட்டைச் செல்லில் உண்டாக்கிக் காட்டினார்கள். வெறும் முட்டை நீர்த்த கரைசலில் சும்மா இருந்தது, புரதம் உள்ள முட்டை ஊதி வெடித்தது. 2003-ல் அவருக்கு நோபல். குழாய் இருப்பதால் வேகம்தான் கூடும், திசை மாறாது. திசையைத் திறன்தான் சொல்லும்.

ஜூன் 8

நானும் சும்மா இருக்க முடியாமல் உருளைக்கிழங்கை எடுத்துவிட்டேன். ஒரே கிழங்கிலிருந்து ஒரே நீளத்தில் துண்டுகள், தோல் இல்லாமல். சர்க்கரைக் கரைசல் 0 முதல் 0.6 மோலார் வரை ஏழு டம்ளர். எடை பார்த்துப் போட்டு, இரண்டு மணி நேரம் கழித்து எடுத்து, துடைத்து, மறுபடி எடை.

தூய நீரில் கிடந்த துண்டு கனத்து விறைத்துவிட்டது, ஒடித்தால் சத்தம் வருகிறது. 0.5, 0.6-ல் கிடந்தவை மெலிந்து, தூக்கிப் பிடித்தால் ரப்பர் மாதிரி நெளிகின்றன. வரைபடம் போட்டால் கோடு 0.28 மோலாருக்குப் பக்கத்தில் பூச்சியத்தைக் கடக்கிறது, அங்கே எடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 0.1 மோலார் சர்க்கரைக்கு ஏறத்தாழ 0.24 என்று மேலே சொன்னேன், துல்லியமாக 0.244, ஒரு மோலாருக்கு 2.44. 0.28-ஐ 2.44-ஆல் பெருக்கினால் 0.68. ஆக கிழங்குச் செல்சாற்றின் கரைபொருள் திறன் −0.68 மெகாபாஸ்கல்.

துடைப்பதில் கவனம் வேண்டும். முதல் முறை ஒரு துண்டை அழுத்தித் துடைத்து, அடுத்ததை லேசாகத் தொட்டு எடுத்து, வரைபடம் மலைத்தொடர் மாதிரி வந்தது. எல்லாத் துண்டையும் ஒரே மாதிரி உருட்டி எடுங்கள்.

ஜூன் 9, காலை

மேலே கடைசிக்கு முந்தைய பத்தியில் தவறு செய்திருக்கிறேன், நல்லவேளை ஒருவர் பிடித்துவிட்டார். பூச்சியத்தைக் கடக்கும் இடத்தில் தண்ணீர் எந்தப் பக்கமும் நகரவில்லை என்றால் உள்ளேயும் வெளியேயும் மொத்த நீரியல் திறன் சமம் என்று பொருள். வெளியே டம்ளரில் சுவர் இல்லை, அழுத்தம் பூச்சியம், அதனால் அங்கே கரைபொருள் திறனே மொத்தமும். கிழங்கு செல்லுக்குள் அப்படி இல்லை. அங்கே கொஞ்சம் விறைப்பு இன்னும் மிச்சம் இருக்கலாம். எனவே −0.68 கிழங்கின் நீரியல் திறன். செல்சாற்றின் கரைபொருள் திறன் அதற்கும் கீழே இருக்கும்.

சாற்றின் திறன்தான் வேண்டுமென்றால் வேறு இடத்தைப் பார்க்க வேண்டும். நுண்ணோக்கியில் செல்களை வைத்துக் கரைசலைச் செறிவாக்கிக்கொண்டே போய், பாதி செல்களில் சவ்வு சுவரை விட்டு விலகத் தொடங்கும் இடம். அங்கே சுவர் தள்ளுவது நின்றுவிட்டது, அழுத்தம் பூச்சியம். அந்தக் கரைசலின் திறனும் சாற்றின் கரைபொருள் திறனும் சமம்.

கேள்வி கேட்டவர் அழுத்தத்தை மறந்தார் என்று முதல் நாள் இரவு சாட்சி, தீர்ப்பு என்றெல்லாம் வசனம் பேசினேன். ஏழாம் நாள் நானும் அதையே மறந்திருக்கிறேன்.

ஜூன் 9, பிற்பகல்

‘அதிக நேரம் தண்ணீரில் ஊறினால் விரல் நுனி சுருங்குவதும் சவ்வூடு பரவல்தானே?’ இல்லை. நரம்பு அறுந்த விரல் ஊறினாலும் சுருங்குவதில்லை என்பது 1930-களிலேயே கவனிக்கப்பட்டது. நரம்பு சொல்ல, உள்ளே ரத்தக் குழாய்கள் சுருங்க, தோல் மடிகிறது. தோல் தண்ணீர் குடித்து உப்பினால் விரல் வழவழப்பாகத்தானே ஆக வேண்டும், யோசித்தால் அதுவே இடிக்கிறது. இதையும் நான் வகுப்பில் தவறாகச் சொன்னேனா என்று கேட்க வேண்டாம்.

சிவப்பணுக்களை வேண்டுமானால் உதாரணமாக எடுங்கள். அவற்றுக்குக் கோணிப்பை கிடையாது, வெறும் பலூன். தூய நீரில் போட்டால் குடித்துக்கொண்டே போய் வெடிக்கும். அதனால்தான் மருத்துவமனையில் ரத்தக் குழாயில் ஏற்றும் உப்பு நீர் 0.9 சதவீதம். தாவர செல்லைத் தூய நீரில் போட்டால் வெடிக்காது, விறைத்து நிற்கும். இரண்டுக்கும் உள்ளே சாறு இருக்கிறது, இரண்டும் குடிக்கின்றன. ஒன்றுக்குத்தான் ‘போதும்’ என்று சொல்லச் சுவர் இருக்கிறது. அந்தத் தாவர செல் நிறுத்தும்போது உள்ளேயும் வெளியேயும் செறிவு சமமாகவில்லை என்பதைக் கவனியுங்கள். உள்ளே இன்னும் சாறுதான், வெளியே இன்னும் வெறும் தண்ணீர்தான். −0.7-ஐ +0.7 ஈடுகட்டிவிட்டது, அவ்வளவே. சமநிலை என்றால் செறிவு சமம் என்று எழுதுகிறவர்கள் இந்த ஒரு செல்லைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்க்கலாம்.

ஜூன் 12

பிளாஸ்மா சிதைவு, அதாவது செறிவான கரைசலில் சவ்வு சுவரை விட்டு விலகுவது பற்றி இரண்டு கேள்விகள் சேர்ந்துவிட்டன.

சவ்வு சுருங்கி விலகிய பிறகு சுவருக்கும் சவ்வுக்கும் நடுவே இருக்கும் இடத்தில் என்ன இருக்கிறது? வெளியே இருக்கும் அதே கரைசல். சுவர் சல்லடை, கரைபொருளைத் தடுக்காது, சவ்வுதான் தடுக்கும். வெற்றிடம் என்று எழுதுகிறார்கள், காற்று என்று எழுதுகிறார்கள், என்னிடம் ஒரு பிள்ளை ‘செல்சாறு’ என்றே எழுதியிருந்தது.

வெயிலில் வாடிய இலையிலும் இதே பிளாஸ்மா சிதைவுதான் நடந்திருக்கிறதா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இல்லை. கண்ணாடித் தகட்டில் சவ்வு விலகும்போது அந்த இடத்தை நிரப்பக் கரைசல் ஓடி வருகிறது. காற்றில் வாடும் இலையில் ஓடி வர எது இருக்கிறது? காற்றுதான். சுவரின் துளைகளோ மிக நுண்ணியவை, அவற்றில் நிற்கும் தண்ணீரின் பரப்பு இழுவிசை காற்றை உள்ளே விடாது. அதனால் சவ்வு சுவரை விட்டுப் பிரிவதில்லை, சுவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு செல் மொத்தமாக நசுங்கிச் சுருங்குகிறது. பலூன் இளைத்துக் கோணிக்குள் தனியே கிடப்பது ஒன்று, கோணியோடு சேர்ந்து கசங்குவது வேறு.

வாடுவதற்கு நிறையத் தண்ணீர் போக வேண்டும் என்பதும் இல்லை. சுவர் விறைப்பானது என்பதால் செல்லின் கொள்ளளவு சில சதவீதம் குறைந்தாலே அழுத்தம் மளமளவென்று சரியும். சாற்றின் செறிவு அந்த நேரத்தில் கொஞ்சம்தான் மாறியிருக்கும்.

ஜூன் 15

‘அழுத்தம் மைனஸில் போகாது, வெற்றிடத்துக்குக் கீழே என்ன இருக்கிறது’ என்று ஒருவர் சண்டைக்கு நிற்கிறார். வாயுவுக்கு அவர் சொல்வது சரி. நம் பூச்சியம் வளிமண்டல அழுத்தம், அதிலிருந்து 0.1 மெகாபாஸ்கல் கீழே போனால் முழு வெற்றிடம், வாயு அதோடு சரி. ஆனால் திரவம் கயிறு மாதிரி. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால் அதை இழுக்க முடியும், இழுபட்ட நிலையில் வைத்திருக்கவும் முடியும். வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏற்றும் சைலம் குழாயில் நடப்பது அதுதான். உறிஞ்சும் பம்பால் தண்ணீரைச் சுமார் 10 மீட்டருக்கு மேல் தூக்க முடியாது, 100 மீட்டருக்கு மேல் வளர்ந்த மரங்களோ தினமும் உச்சி இலைக்குத் தண்ணீர் அனுப்புகின்றன. மேலே போகும் ஒவ்வொரு மீட்டருக்கும் எடைக்காக மட்டும் 0.01 மெகாபாஸ்கல் கட்ட வேண்டும். 100 மீட்டருக்கு 1. குழாயின் உராய்வுக்குத் தனி.

இழுவிசையால் ஏறுகிறது என்று டிக்சனும் ஜாலியும் 1894-லேயே சொன்னார்கள். இழுவையை நேரடியாக அளந்து காட்டியது ஷோலாண்டர், 1965. ஒரு கிளையை வெட்டி, வெட்டுமுனை மட்டும் வெளியே தெரியும்படி இரும்புக் கலத்துக்குள் வைத்து, வாயு அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். வெட்டியதும் இழுவை அறுந்து உள்ளே போன சாறு, எந்த அழுத்தத்தில் மறுபடி வெட்டுமுனைக்கு எட்டிப் பார்க்கிறதோ அத்தனை இழுவை முன்பு இருந்திருக்கிறது. உயர்ந்த மரங்களின் உச்சிக் கிளைக்கு ஏற முடியாமல் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தி அளந்தார்கள். அலையாத்தி மரங்களையும் அளந்தார். கடல்நீர் சுமார் −2.5 மெகாபாஸ்கல், அதில் வேரூன்றியபடி தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் சைலம் அதற்கும் கீழே இறங்கியிருக்க வேண்டும், இறங்கியிருந்தது.

இழுவை எல்லை மீறினால் கயிறு அறும், குழாயில் குமிழி விழும். அந்தச் சத்தத்தை 1966-லேயே கருவி வைத்துக் கேட்டிருக்கிறார்கள். சண்டைக்கு நிற்பவர் அதையாவது நம்பலாம்.

ஜூன் 15, இரவு

யார் இழுக்கிறார்கள் என்பதை விட்டுவிட்டேன். காற்று. 20 டிகிரியில் பாதி ஈரப்பதம் உள்ள காற்றின் நீரியல் திறன் சுமார் −94 மெகாபாஸ்கல். தொண்ணூற்று நான்கு! 99 சதவீத ஈரப்பதம் என்று நமக்குப் பிசுபிசுக்கும் காற்றே −1.4 வரும். மண் −0.03, இலை −1, வெளியே −94. இலைக்கும் காற்றுக்கும் நடுவேதான் பெரிய பள்ளம், அதனால் மொத்தக் கதவும் அங்கே இலைத்துளையில் வைக்கப்பட்டிருக்கிறது. துளையின் இருபுறமும் நிற்கும் காப்பு செல் பொட்டாசியத்தை உள்ளே இழுத்தால் தண்ணீரும் கூட வரும், விறைத்து வளையும், துளை திறக்கும். கதவின் கீலும் இதே கூட்டல் கணக்கில்தான் ஓடுகிறது.

ஜூன் 21

இந்த இழையில் இவ்வளவு பேசிய ஆள் வீட்டில் என்ன செய்தான் என்று கேளுங்கள். செம்பருத்தித் தொட்டிக்குக் கரையும் உரம் ஒரு சிட்டிகை போட வேண்டியதை, அவசரத்தில் ஒரு கரண்டி போட்டுவிட்டேன். மறுநாள் இலை எல்லாம் தொங்கிவிட்டது. மண்ணைத் தொட்டால் ஈரம். ஈரம் இருந்தும் வாடுகிறது, வேர் அழுகுகிறது போல என்று தண்ணீரை நிறுத்தினேன். இரண்டாம் நாள் இன்னும் மோசம்.

மூன்றாம் நாள் மாலை, மேலே நான் எழுதிய அலையாத்திப் பத்தியைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. தொட்டிக்குள் ஒரு சின்னக் கடல் வைத்திருக்கிறேன். ஈரம் இருக்கிறது, அந்த ஈரத்தின் திறன் வேரை விடக் கீழே. தண்ணீரை நிறுத்தியதால் மண் காயக் காய உப்பு இன்னும் செறிவாகிக்கொண்டே போயிருக்கிறது. பல பயிர்கள் மீளாமல் வாடும் எல்லை என்று மண்ணுக்கு −1.5 மெகாபாஸ்கல் சொல்வார்கள், நான் உரத்தாலேயே அந்தத் திசையில் தள்ளிவிட்டிருக்கிறேன்.

வாளி வாளியாக ஊற்றி அடித்துளை வழியாக வடியவிட்டேன். நான்கு முறை.

ஜூன் 28

முதல் கேள்வியைக் கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார், நல்ல குண்டோடு. ‘அப்படியானால் தண்ணீர் எப்போதும் நீரியல் திறன் அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குத்தான் போகும் என்று எழுதிக்கொள்ளலாமா? ஃபுளோயம் (இலையின் சர்க்கரைச் சாற்றைக் கொண்டுபோகும் குழாய்) பாடத்தில் இலைப் பக்கம் −1.1, வேர்ப் பக்கம் −0.4 என்று போட்டிருக்கிறது, சாறு இலையிலிருந்து வேருக்குப் போகிறதே?’

இரண்டு நாள் யோசித்தேன். எழுதிக்கொள்ளக் கூடாது. நான் மேலே ‘திசையைத் திறன்தான் சொல்லும்’ என்று அடித்துச் சொன்னதும் பாதிதான் சரி.

அந்த எண்களைப் பிரித்துப் பாருங்கள். இலைப் பக்கம் கரைபொருள் −1.7, அழுத்தம் 0.6. வேர்ப் பக்கம் −0.7, 0.3. மொத்தத்தைப் பார்த்தால் சாறு மேட்டில் ஏறுகிறது. அழுத்தத்தை மட்டும் பார்த்தால் 0.6-லிருந்து 0.3-க்கு இறங்குகிறது. ஃபுளோயம் குழாயின் இரண்டு முனைக்கும் நடுவே சவ்வு இல்லை, சல்லடைத் துளைகள்தான். சர்க்கரையும் தண்ணீரும் சேர்ந்தே ஓடும்போது சர்க்கரையைப் பிடித்து வைக்க ஆள் இல்லை, பிடித்து வைக்காத கரைபொருளால் இழுக்க முடியாது. அங்கே கரைபொருள் திறனுக்கு ஓட்டுரிமை கிடையாது, அழுத்தம் ஒன்றுதான் ஓட்டுகிறது. மூன்ஷ் 1930-ல் சொன்ன அழுத்த ஓட்டம் இதுதான். அந்த 0.6 எப்படி வந்தது என்று கேட்டால், இலைப் பக்கம் சர்க்கரையை ஏற்றியதும் பக்கத்துச் சைலத்திலிருந்து சவ்வு வழியே தண்ணீர் வந்தது. அந்த இடத்தில் மட்டும் கூட்டல் கணக்கு செல்லும். வேர்ப் பக்கம் சர்க்கரையை இறக்கியதும் தண்ணீர் சவ்வு வழியே வெளியேறுகிறது, அங்கேயும் செல்லும். நடுவில் செல்லாது.

எனவே நோட்டில் எழுதுவதாக இருந்தால்: கரைபொருளைத் தடுக்கும் சவ்வு நடுவே இருந்தால் இரண்டையும் கூட்டு, இல்லாவிட்டால் அழுத்தத்தை மட்டும் பார். உங்கள் அ, ஆ செல்களுக்கு நடுவே சவ்வு இருப்பதாகத்தான் கேள்வி எடுத்துக்கொண்டது.

என் தொட்டியும் இப்போதுதான் முழுதாகப் புரிகிறது. உரத் தண்ணீர் அடித்துளை வழியாகத் தாராளமாக வடிந்தது, உப்பு அதை மண்ணிலேயே பிடித்து வைக்கவில்லை. துளையில் சவ்வு இல்லை. வேரில் இருக்கிறது. ஒரே தண்ணீர், துளைக்குச் சும்மா தண்ணீர், வேருக்குக் கடல்.

ஜூலை 4

செம்பருத்தி கேட்டவர்களுக்கு: வடியவிட்ட மறுநாள் காலையே இளம் இலைகள் நிமிர்ந்துவிட்டன. ஓரம் கருகிய பழைய இலைகள் ஐந்து நிமிரவில்லை, நேற்று உதிர்ந்தன. சவ்வு செத்துவிட்டால் சாறு வெளியே போய்விடும், அப்புறம் எவ்வளவு ஊற்றினாலும் விறைக்காது.

ஜூன் 2-ம் தேதி கீரை இலைக்குச் சொன்ன ‘மூன்று நான்கு மடங்கு’ காலையில் நன்றாகத் தண்ணீர் குடித்த இலைக்கு. மதிய வெயிலில் அளந்து பார்த்துவிட்டு வந்து திட்ட வேண்டாம்.